தகடு வளைத்த மார்கிறட்

முல்லைத்தீவுக் கரையில், கள்ளப்பாட்டில், கிழிந்த வலையை மார்கிறட்டிடம் கொடுத்தால் அது திரும்பி வரும்போது கிழிசல் எங்கே இருந்ததென்று வலைக்காரனுக்கே தெரியாது. அப்படி ஒரு கை அவளுக்கு. புருஷன் மரியநேசன் அதைச் சொல்லிச் சொல்லியே ஊரெல்லாம் பெருமையடித்துத் திரிந்தான். அவன் நல்ல கடலோடி. ஆனால் கையில் நிதானம் கிடையாது, தேத்தண்ணிக் கோப்பையைக்கூட எங்காவது இடித்துத்தான் வைப்பான்.

சமாதானம் வந்து கண்டி வீதி திறந்த மறு வருஷம் மரியநேசனின் தம்பி யூட்சன் ஜேர்மனியிலிருந்து வந்தான். பொடியனாகப் போனவன் தலை நரைக்கத் தொடங்கி வந்து இறங்கினான். கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றை மட்டும் ஒருவரையும் தொட விடவில்லை. மூன்றாம் நாள்தான் அதைத் திறந்தான். உள்ளே ஒரு மீன்பிடிக் கப்பல் துண்டு துண்டாக இருந்தது. ஒட்டி முடித்தால் முழங்கை நீளம் வரும்.

"அங்கை பனிக்காலத்திலை வேறை வேலை இல்லை அண்ணி. இதைத்தான் செய்துகொண்டிருப்பன்" என்றான் வெட்கத்தோடு.

அதற்குள் ஒரு பித்தளைத் தகடும் இருந்தது. கடதாசியளவு தடிப்புத்தான். ஏணி, கைபிடி வேலி, சின்னச் சில்லுகள் எல்லாம் அதில் சல்லடைபோல வெட்டுப்பட்டு, ஒவ்வொன்றும் மயிரளவு காம்பால் தகட்டோடு தொங்கிக்கொண்டிருந்தன. இதை எந்த ஆசாரி வெட்டினான் என்று மரியநேசன் கேட்டான். ஆசாரி வெட்டவில்லை, தகட்டில் வெளிச்சத்தால் படம் பிடித்து அமிலத்தில் போட்டால் வேண்டாத இடத்தை அமிலம் தின்றுவிடும், மிச்சம்தான் இது என்று யூட்சன் விளங்கப்படுத்தினான். மடிக்க வேண்டிய கோட்டில் மட்டும் அமிலம் பாதி ஆழத்துக்குத் தின்றிருக்கும். அந்தக் கோடு உள்ளுக்கு வரும்படி மடிக்க வேண்டும். ஒரு தரம்தான் மடிக்கலாம். பிழையாக மடித்துவிட்டுத் திருப்பி மடித்தால் முறிந்துவிடும்.

யூட்சன் மீன் பதனிடும் ஆலையொன்றில் குளிர் அறைக்குள் பத்துப் பதினைந்து வருஷம் நின்றவன். விரல் நுனிகளில் உணர்வு செத்துப் போயிருந்தது. அவன் ஏணியை மடிக்கப் போய் இரண்டு படிகளை முறித்தான். பார்த்துக்கொண்டிருந்த மார்கிறட் கையைத் துடைத்துக்கொண்டு வந்து கதிரையில் இருந்தாள்.

"இஞ்சை தாங்கோ தம்பி."

அன்றைக்கு ஏணியை மட்டும்தான் செய்தாள். மறுநாள் வேலி. பிறகு அவன் வேறு வேலை பார்க்க, அவளே முழுத் தகட்டையும் எடுத்துக்கொண்டாள். கண்ணாடித் துண்டின் மேல் வைத்துப் பிளேட்டால் காம்பை அறுப்பாள். சின்ன அரத்தால் ஒரு இழுவை. இரண்டு பிளேட்டுக்கு நடுவில் பிடித்து மடிப்பாள். வளைவு வேண்டிய துண்டை மெழுகுதிரியில் பிடித்துச் சூடாக்கி ஆறவிட்டால் பித்தளை தன் முறுக்கை விட்டுவிடும், பிறகு வலை மிதப்புக் கட்டையில் வைத்து ஊசியால் உருட்டினால் சொன்னபடி வளையும். இந்த மிதப்புக் கட்டை யோசனை அவளுடையது. யூட்சன் அதைப் பார்த்து, ஜேர்மனியில் இதற்கென்றே விற்கிற சாமானைவிட இது திறம் என்றான்.

கப்பல் முடிந்து அலுமாரிக்கு மேலே ஏறியது. மகள் கிருசாந்தினிக்கு அப்போது பன்னிரண்டு வயது, அவள் சினேகிதிகளைக் கூட்டிவந்து காட்டினாள். சின்னவன் டெறிக் தொட்டுவிடுவான் என்று மரியநேசன் அலுமாரியடியில் கதிரை வைக்க விடமாட்டான்.

மறு வருஷம் மார்கழியில், நத்தார்ப் பண்டிகைக்கு அடுத்த நாள் மார்கிறட் மகளையும் கூட்டிக்கொண்டு முள்ளியவளையில் இருந்த தமக்கை வீட்டுக்குக் கேக் கொடுக்கப் போனாள். மரியநேசன் கரையில் வலை காயப் போட்டிருந்தான். டெறிக் தகப்பனோடு நின்றான். கடல் வந்தது. திரும்பி ஓடி வந்தவளை ஊர் எல்லையிலேயே மறித்துவிட்டார்கள். அதற்கு அப்பால் ஊர் இல்லை. டெறிக்கின் உடலை இரண்டாம் நாள் பனங்கூடலுக்குள் எடுத்தார்கள். மரியநேசன் கிடைக்கவே இல்லை.

தாயும் மகளும் முள்ளியவளைப் பக்கம் போட்டுக்கொடுத்த தகரக் கொட்டிலொன்றுக்குள் இருந்தார்கள். தை மாதம் யூட்சன் ஜேர்மனியிலிருந்து திரும்பவும் வந்தான். வந்தவன் கொட்டில் வாசலில் நின்று ஒரு பெட்டியை நீட்டினான். உடுப்பாக்கும் என்று அவள் திறந்தாள். உள்ளே பித்தளைத் தகடுகள், அரங்கள், சாமணம், கண்ணில் மாட்டுகிற பூதக்கண்ணாடி, இன்னொரு கப்பல்.

"உங்களுக்கு விசர் பிடிச்சிட்டுதோ தம்பி" என்றாள் அவள். சத்தம் போடவில்லை. அவன் மண்ணில் குந்தி அழுதான். "எனக்கு வேறை என்ன கொண்டுவாறதெண்டு தெரியேல்லை அண்ணி" என்றான் கடைசியில்.

அந்தப் பெட்டி மாதக்கணக்காக மூலையில் கிடந்தது. ஒரு நாள் பகல், தகரத்துக்குள் வெக்கை தாங்க முடியாமல், கிருசாந்தினி பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், மார்கிறட் அதை இழுத்துத் திறந்தாள். ஒரு வேலித் துண்டை அறுத்தெடுத்து மடித்தாள். மடிக்கிற நேரம் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிற நேரத்துக்கு மனதில் வேறொன்றும் வராது என்பதை அவள் கண்டுகொண்டாள். அதன் பிறகு தினமும் இருந்தாள். அந்தப் பெட்டியில் இருந்தது ரோந்துப் படகு. துப்பாக்கி பூட்டுகிற துவக்கு மேடை, ராடர், கயிற்றேணி எல்லாம் இருந்தன. என்ன படகென்று அவள் யோசிக்கவில்லை.

கிளிநொச்சியில் கடலால் பாதிக்கப்பட்ட பெண்களின் கைவேலைக் கண்காட்சி வைத்தார்கள். பனையோலைப் பெட்டிகளுக்கும் ஊறுகாய்ப் போத்தல்களுக்கும் நடுவில் அவளுடைய படகும் இருந்தது. சனம் வந்து பார்த்து, அதிசயப்பட்டுப் போனது. ஒருவர் மட்டும் போகவில்லை. நாற்பது வயது இருக்கும், கட்டம் போட்ட சேட், ஒரு காலைச் சற்று இழுத்து நடப்பார். குனிந்து ராடரைப் பார்த்தார், பின்பக்கத்தைப் பார்த்தார், மேசையைச் சுற்றி வந்து திரும்பவும் பார்த்தார்.

அடுத்த கிழமை அவர் கொட்டிலுக்கு வந்தார். இயக்கத்தில் பொறுப்பாளர் என்பது வந்த வாகனத்திலேயே தெரிந்தது.

"அக்கா, உங்கடை கை எங்களுக்குத் தேவைப்படுது. மாதிரிக் கப்பல் கொஞ்சம் செய்யவேணும்."

"என்னத்துக்குத் தம்பி?"

"பொடியளுக்குப் படிப்பிக்கிறதுக்கு." பிறகு கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். கிருசாந்தினி மூலையில் இருந்து கணக்குச் செய்துகொண்டிருந்தாள். "வீட்டுக்கு ஒரு ஆள் போராட வரவேணுமெண்டு கேக்கத் தொடங்கியிருக்கினம், தெரியும்தானே. நீங்கள் வேலைக்கு வந்தால் உங்கடை வீட்டிலை ஒருத்தரும் கேக்கமாட்டினம். அதுக்கு நான் பொறுப்பு."

மார்கிறட் யோசிக்க நேரம் கேட்கவில்லை. அவளுக்கு மிஞ்சியிருந்தது ஒரு பிள்ளை. "வாறன்" என்றாள்.

புதுக்குடியிருப்புப் பக்கம் ஒரு வீடு பார்த்துக் கொடுத்தார்கள். வேலை நடந்த இடம் அங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம், தென்னந்தோப்புக்குள் ஒரு நீளமான மண்டபம். அங்கே பரமலிங்கம் என்று ஒரு தச்சர் இருந்தார். பளை ஆள், இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அங்கு வந்து சேர்ந்தவர். அவர் மரத்தில் கப்பலின் உடலைச் செதுக்குவார். மார்கிறட் மேலே வருகிற உலோகமெல்லாம் செய்ய வேண்டும். இந்தக் கப்பல்கள் பெரியவை, மேசை நீளம். யூட்சன் விட்டுப்போன தகடுகள் போதவில்லை. கண்டி வீதியையும் திரும்பப் பூட்டிவிட்டார்கள். அதனால் வானொலிப் பெட்டி திருத்துகிற பொடியன்கள் தங்களிடமிருந்த அமிலத்தில் தாங்களே பித்தளையை அரித்துக்கொண்டுவந்து கொடுத்தார்கள். முதலில் கோடுகள் கோணின. பிறகு தேறிவிட்டார்கள்.

எதைப் பார்த்துச் செய்ய வேண்டும் என்பதற்குப் படங்கள் இருந்தன. தூரத்திலிருந்து கடலில் எடுத்த, கலங்கிய படங்கள். அவற்றில் தெரிவது கடற்படைக் கப்பல் என்று மார்கிறட்டுக்குத் தெரியும். அந்தச் சாம்பல் நிறத்தைக் கண்டால் வலையை அறுத்துவிட்டுக் கரைக்கு ஓடிய மனுசனின் பெண்சாதி அவள். தெரிந்தும் செய்தாள். படிப்பிக்கத்தானே என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள்.

முதற் கப்பல் முடிகிற சமயம் யூட்சனின் பழைய தகட்டில் சின்ன மனிதர்கள் இருப்பதைக் கண்டாள். நகத்தில் பாதி உயரம், இந்தப் பெரிய கப்பலுக்குச் சிறிசுதான். அவள் அவர்களை அறுத்தெடுத்து, கையைக் கொஞ்சம் மடித்து, காலைக் கொஞ்சம் அகட்டி, ஒருவன் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்க, ஒருவன் குனிந்து கயிறு இழுக்க என்று தளத்தில் ஒட்டி வைத்தாள். கப்பலுக்கு அது வேண்டும்போல இருந்தது.

பொறுப்பாளர் வந்து பார்த்தார். வேலையை மெச்சினார். பிறகு விரலால் காட்டி, "ஆக்கள் வேண்டாம் அக்கா. எடுத்துவிடுங்கோ" என்றார்.

"ஏன் தம்பி, வடிவாத்தானே இருக்கு?"

"வடிவாத்தான் இருக்கு. படிக்கிற பிள்ளையளுக்கு வேண்டாம்."

அவர் போன பிறகு அவள் பிளேட்டால் ஒவ்வொருவராகத் தளத்திலிருந்து பெயர்த்தெடுத்தாள். பரமலிங்கம் உளியைத் தீட்டிக்கொண்டே இருந்தார்.

"என்னத்துக்கெண்டு கேட்டுப்போடாதேங்கோ தங்கச்சி" என்றார். "நான் கேட்டனான். அதுக்குப் பிறகு நித்திரை இல்லை." அவருடைய மூத்த மகன் இயக்கத்தில் இருந்து செத்தவன் என்று அவளுக்குப் பிறகுதான் தெரிந்தது.

படிக்கிற பிள்ளைகள் வருவார்கள். நாலைந்து பேராக வந்து கப்பலைச் சுற்றி நிற்பார்கள். பொறுப்பாளர் ஒரு குச்சியால் காட்டிக் காட்டிக் கதைப்பார். அந்த நேரம் மார்கிறட்டையும் பரமலிங்கத்தையும் வெளியே போகச் சொல்லிவிடுவார்கள். ஆனால் வகுப்பு முடிந்த பிறகும் ஒரு பெட்டை மட்டும் தனியே வந்து நிற்பாள். கட்டையான உருவம், உருண்டை முகம், தலைமயிரை இரட்டைப் பின்னலாகப் பின்னி மடித்துக் கட்டியிருப்பாள். பெயர் யாழிசை என்றாள். அது இயக்கம் வைத்த பெயர். அதற்கு மேல் ஒருவரும் கேட்பதில்லை.

"அன்ரி, இந்த வேலி உண்மையிலை எவ்வளவு உயரம்?"

"உன்ரை இடுப்பளவு வரும்."

"ஏணி எந்தப் பக்கம் தொங்கும்? ரெண்டு பக்கமுமோ?"

"படத்திலை ஒரு பக்கம்தான் தெரியுது பிள்ளை. மற்றப் பக்கம் தெரியேல்லை."

அவள் தலையை ஆட்டிக் கேட்டுக்கொள்வாள். பூதக்கண்ணாடியைக் கடன் வாங்கித் தன் உள்ளங்கை ரேகையைப் பார்த்துச் சிரிப்பாள். சில நாள் மார்கிறட் கொண்டுபோகிற புட்டையும் மீன் குழம்பையும் பங்கு போட்டுச் சாப்பிடுவாள். மீனைச் சரியாக முள் எடுக்கத் தெரியாது. "நீ எந்த ஊரடி, மீனுக்கு முள் எடுக்கத் தெரியாமல்?" என்று மார்கிறட் கேட்டபோது, "வயல் ஊர் அன்ரி" என்றாள். அவ்வளவுதான். மார்கிறட் முள் எடுத்துக் கொடுத்தாள்.

பிறகு அவள் வருவது நின்றது.

ஒரு காலை மார்கிறட் வேலைக்குப் போகையில் சந்தியில் ஒலிபெருக்கி கட்டிச் சோக இசை போட்டிருந்தார்கள். மதிலில் புதுச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. பசை இன்னும் காயவில்லை. இரட்டைப் பின்னல், உருண்டை முகம், சிரிப்பு. யாழிசை என்று பெரிய எழுத்தில், கீழே சொந்தப் பெயர்: அருந்ததி, முரசுமோட்டை. கடலில் வெடிமருந்துப் படகோடு பகைவரின் கலத்தில் மோதி வீரச்சாவு.

மார்கிறட் சைக்கிளை விட்டு இறங்கி நின்றாள். பின்னால் வந்த உழவு மெசின்காரன் ஹோர்ன் அடித்தான். அவள் ஓரம் போனாள். பிறகு சைக்கிளில் ஏறி வேலைக்குத்தான் போனாள். வேறு எங்கே போவது?

மண்டபத்தில் கப்பல் அப்படியே இருந்தது. அவள் வேலியைப் பார்த்தாள், ஏணியைப் பார்த்தாள். எந்தப் பக்கம் ஏணி என்று அந்தப் பிள்ளை ஏன் கேட்டதென்று இப்போது விளங்கியது. ஏணி இருக்கிற பக்கத்தில் ஆட்கள் நிற்பார்கள்.

"உங்களுக்குத் தெரியும்" என்றாள் பரமலிங்கத்திடம்.

"ஓம்" என்றார் அவர்.

"என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னால் என்ன செய்திருப்பியள்?"

அவள் தன் கதிரைக்குத் திரும்பிப் போய் இருந்தாள். அன்று முழுக்க ஒரு காம்பும் அறுக்கவில்லை. வேண்டுமென்றே பிழையாகச் செய்தால் என்ன என்று யோசித்துப் பார்த்தாள். ஏணியை மற்றப் பக்கம் வைத்தால், துவக்கு மேடையை ஒரு விரல் தள்ளி வைத்தால். அப்படிச் செய்தால் அடுத்த பிள்ளை ஒன்றுக்கும் இல்லாமல் சாகும். சரியாகச் செய்தால் அது சாகிறதோடு கப்பலில் நிற்கிறவர்களும் சாவார்கள், அவர்களும் எங்கேயோ ஒரு கரையில் யாரோ பெற்றவர்கள்தான். எப்படிச் செய்தாலும் பிள்ளை சாகிறது. எந்தப் பக்கம் மடித்தாலும் முறிகிறது.

கண் சரியில்லை என்று சொல்லி நின்றுவிடலாம் என்று அவளுக்குப் பட்டது. பொறுப்பாளரிடம் போய், "தம்பி, எனக்கு இப்ப கிட்டப் பார்வை ஏலாமல் கிடக்கு" என்றாள்.

அவர் கோபிக்கவில்லை. பரிவாகத்தான் பார்த்தார். "ஏலாட்டி வீட்டை இருங்கோ அக்கா. வருத்தப்பட வேண்டாம்." கொஞ்சம் பொறுத்து, "கிருசாந்தினிக்கு இப்ப பதினாறு முடிஞ்சுதோ?" என்று கேட்டார்.

மார்கிறட் அடுத்த நாளும் வேலைக்குப் போனாள். அன்றிலிருந்து வருகிற பிள்ளைகளின் முகத்தை நிமிர்ந்து பார்ப்பதில்லை. யாராவது வேலி எவ்வளவு உயரம் என்று கேட்டால் தலையைக் குனிந்துகொண்டே, "இடுப்பளவு" என்பாள். சாப்பாட்டை வீட்டிலேயே வைத்துவிட்டு வருவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய மகளை அயல்வீட்டில் விட்டுவிட்டு அவள் பஸ் ஏறி முரசுமோட்டைக்குப் போனாள். ஏன் போகிறோம் என்று வழி முழுக்கத் தன்னையே கேட்டுக்கொண்டாள். இறங்கி விசாரித்தபோது வாய்க்கால் கரையோரம் ஒரு வீட்டைக் காட்டினார்கள். வாசலில் படம் வைத்து மாலை போட்டிருந்தது. அருந்ததியின் தாய் விமலேஸ்வரி முற்றத்தில் நெல் காயவிட்டுக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள்.

"நான் பிள்ளையைத் தெரிஞ்ச ஆள்" என்றாள் மார்கிறட். "வேலை செய்த இடத்திலை."

விமலேஸ்வரி கதிரை எடுத்துப் போட்டாள், தேத்தண்ணி வைத்தாள். எதிரே நிலத்தில் குந்தினாள். பிறகு, "அவள் கடலைப் பாத்ததில்லை" என்றாள். "வாய்க்காலிலை இறங்கவே பயப்படுவாள். தம்பிமார் தண்ணியைத் தெளிச்சால் குளறுவாள். அவளைக் கடலுக்கு எடுத்தவையெண்டு கேள்விப்பட்ட அண்டைக்கே எனக்கு நெஞ்சு காஞ்சுபோச்சு. நீங்கள் கண்டனீங்களோ, பயந்து கிடந்தவளோ?"

"இல்லை அக்கா. சிரிச்சுக்கொண்டுதான் வருவாள்."

"சாப்பிட்டவளோ?"

"ஓம். என்ரை கையாலை புட்டும் மீனும் சாப்பிட்டவள்."

விமலேஸ்வரி அதைக் கேட்டு மார்கிறட்டின் கையை எடுத்துத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டாள். விரல்களைத் தடவிக் கொடுத்தாள். அந்தக் கை வேறென்ன செய்தது என்று அவள் கேட்கவில்லை. மார்கிறட் கையை இழுத்துக்கொள்ளவும் முடியாமல், வைத்துக்கொண்டிருக்கவும் முடியாமல் இருந்தாள். பஸ் போய்விடும் என்று சொல்லிக் கடைசியில் எழும்பினாள். விமலேஸ்வரி ஒரு பையில் புது அரிசி கட்டிக் கொடுத்தனுப்பினாள். அதை மார்கிறட் வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை. வழியில் ஒரு கோயில் வாசலில் இருந்த கிழவியிடம் கொடுத்துவிட்டாள்.

இரண்டாயிரத்தெட்டு முடிகிற காலம் சண்டை மேற்கிலிருந்து நெருங்கி வந்தது. ஷெல் சத்தம் மண்டபத்துத் தகரத்தை அதிர வைத்தது. ஒரு பகல் பொறுப்பாளர் வந்து எல்லாவற்றையும் அழிக்கச் சொன்னார். பரமலிங்கம் தான் செதுக்கிய கப்பல்களைத் தானே கோடரியால் கொத்தினார். குவித்து மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார்கள். மரம் எரிந்தது. பித்தளை கறுத்துச் சுருண்டது.

"நீங்கள் வீட்டை போகலாம் அக்கா" என்றார் பொறுப்பாளர்.

"என்ரை பிள்ளை?"

அவர் நெருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இப்ப அது என்ரை கையிலை இல்லை அக்கா. கவனமா வைச்சிருங்கோ."

அதன் பிறகு எல்லாச் சனத்துக்கும் நடந்ததுதான் அவர்களுக்கும் நடந்தது. சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன் என்று பின்னால் பின்னால் போனார்கள். பரமலிங்கம் இரணைப்பாலையில் கிணற்றடியில் விழுந்த ஷெல்லோடு போய்விட்டார் என்று யாரோ சொன்னார்கள். மார்கிறட் மகளைப் பதுங்குகுழியை விட்டு வெளியே விடுவதில்லை. குழிக்கு மேலே பலகை போட்டு, பலகைக்கு மேலே சேலைகளையும் சட்டி பானையையும் பரப்பித் தான் அதன் மேல் இருப்பாள். ஆள் பிடிக்கிறவர்கள் வந்தால், "மகள் ஷெல்லிலை செத்துப்போனாள்" என்று சொல்லி அழுவாள். அழுகைக்கு அவள் நடிக்க வேண்டியிருக்கவில்லை.

பங்குனியில் ஒரு நாள் அவளுக்குக் காய்ச்சல் கண்டு எழும்ப முடியவில்லை. தாய்க்குக் கஞ்சி வாங்க கிருசாந்தினி சொல்லாமல் வரிசைக்குப் போனாள். திரும்பி வரவில்லை. வரிசையில் நின்றவர்கள், ஆள் பிடிக்கிறவர்கள் வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்றார்கள்.

மார்கிறட் காய்ச்சலோடு எழும்பிப் போய், பிடித்த பிள்ளைகளை வைத்திருந்த இடத்தின் வாசலில் இருந்தாள். அவளைப் போல இன்னும் தாய்மார் இருந்தார்கள். அந்தப் பொறுப்பாளரின் பெயரைச் சொன்னாள், தான் செய்த வேலையைச் சொன்னாள். வாசலில் நின்ற பெடியன் அவளுடைய மகளின் வயதுதான் இருப்பான். "அவர் இப்ப இல்லை அம்மா" என்றான். "எழும்பிப் போங்கோ, இஞ்சை ஷெல் விழும்." அன்று பின்னேரமே அங்கே ஷெல் விழுந்தது. உள்ளே இருந்த பிள்ளைகளை வேறு எங்கோ கொண்டுபோய்விட்டார்கள்.

சித்திரை முடிந்த பிறகு, முள்ளிவாய்க்கால் கடற்கரையில் சனம் மணலோடு மணலாக ஒட்டிக் கிடந்த நாளொன்றில், தலைமயிரை ஒட்ட வெட்டிய பெட்டை ஒருத்தி தறப்பாள் கூடாரங்களுக்குள் ஒவ்வொன்றாகக் குனிந்து பார்த்துக்கொண்டு வந்தாள். இடது கை முழங்கைக்குக் கீழே சீலையால் சுற்றியிருந்தது. மார்கிறட்டுக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"அம்மா" என்றாள் அவள்.

மார்கிறட் தறப்பாளுக்குள் அவளை இழுத்து, தன் சீலைத் தலைப்பால் மொட்டைத் தலையை மூடினாள். எப்படி வந்தாய் என்று கேட்கவில்லை. கூட வந்தவர்கள் எத்தனை பேர், அவர்கள் எங்கே என்றும் கேட்கவில்லை. கையைப் பிரித்துப் பார்த்தாள். புண்ணில் புழு வைத்திருந்தது. உப்புத்தண்ணீரால் கழுவினாள்.

சில நாளில் வட்டுவாகல் பாலம் கடந்து, ராணுவத்தின் பக்கம் வந்து சேர்ந்தார்கள். அங்கிருந்து பஸ்ஸில் ஏற்றி ஓமந்தைக்குக் கொண்டுவந்தார்கள். சனம் வெயிலில் குந்தியிருக்க, ஒலிபெருக்கியில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள். இயக்கத்தில் ஒரு நாள் இருந்தவர்களும் எழும்பி வந்து பதியட்டும். பிறகு பிடிபட்டால் பொறுப்பில்லை.

மார்கிறட் மகளின் தலையில் கிடந்த சீலையை இன்னும் இழுத்துவிட்டாள். அந்தச் சீலைக்குள் இயக்கம் ஒட்ட வெட்டிவிட்ட தலை இருக்கிறது என்பது குந்தியிருக்கிற எவருக்கும் தெரியும். இப்படி மூடியிருந்த எத்தனையோ பெட்டைகளை ராணுவப் பெண்கள் வந்து சீலையை நீக்கிப் பார்த்து எழுப்பிக்கொண்டு போனார்கள்.

"அம்மா, நான் போறன்" என்றாள் கிருசாந்தினி. "இழுத்துக்கொண்டு போறதிலும் பாக்க நானாப் போறன்."

மார்கிறட் தானும் எழும்பினாள்.

"நீங்கள் எங்கை?"

"நானும் வாறன். நானும்தானே அங்கை வேலை செய்தனான்."

கிருசாந்தினி நல்ல கையால் தாயைப் பிடித்து இருத்தினாள். "நீங்கள் என்ன வேலை செய்தனீங்களெண்டு எனக்குத் தெரியும். ஏன் செய்தனீங்களெண்டும் தெரியும். அதை இஞ்சை ஒருத்தருக்கும் சொல்லாதேங்கோ. ரெண்டு பேரும் உள்ளுக்குப் போனால் எங்களை ஆர் தேடுறது? நீங்கள் வெளியிலை இருந்தால்தான் என்னைத் தேடலாம்."

பிறகு எழும்பி, சீலையைத் தலையிலிருந்து எடுத்து மடித்துத் தாயின் மடியில் வைத்துவிட்டு நடந்தாள். தனியாக நின்ற பஸ்ஸில் ஏற்றினார்கள். அது எங்கே போகிறது என்று மார்கிறட் கேட்டதற்கு நின்ற ராணுவத்தான் சிங்களத்தில் ஏதோ சொன்னான். அவளுக்கு விளங்கவில்லை.

செட்டிகுளத்தில் முட்கம்பிக்குள் வெள்ளைக் கூடாரங்கள். அதில் ஒன்றில் அவளையும் இன்னும் இரண்டு குடும்பத்தையும் விட்டார்கள். வந்த பாதருமார், வெள்ளைக்காரர், யாரைக் கண்டாலும் மகளின் பெயரைச் சொன்னாள். மழைக்காலம் தொடங்க முன்னர், வவுனியாவில் ஒரு பள்ளிக்கூடத்தைத் தடுப்பு முகாமாக்கி வைத்திருக்கிறார்கள், அங்கே அப்படி ஒரு பிள்ளை இருக்கிறாள் என்று தகவல் வந்தது.

அந்த நாட்களில்தான் யூட்சனோடு ஒரு முறை தொலைபேசியில் கதைக்கக் கிடைத்தது. அவன் அழுதான், நிறுத்தினான், திரும்ப அழுதான். "அண்ணி, அந்தப் பெட்டி?" என்றான்.

"அது போயிட்டுது தம்பி."

"நான் இன்னொண்டு அனுப்பட்டோ? உங்கடை மனம் ஆற."

அந்தத் தகடுகள் என்னவாகின என்று அவனுக்குத் தெரியாது. இனித் தெரிந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. "வேண்டாம் தம்பி" என்றாள். "இனி அதைத் தொடமாட்டன்."

மகளைப் பார்க்க அனுமதி கிடைத்தது கார்த்திகையில். ஒரு நீண்ட மேசை, இந்தப் பக்கம் வந்தவர்கள், அந்தப் பக்கம் பிள்ளைகள், தலைமாட்டில் ஒரு ராணுவப் பெண். கிருசாந்தினிக்குத் தலைமயிர் காது வரை வளர்ந்திருந்தது. முகம் வெளிறிப் போயிருந்தது.

"கையை நீட்ட ஏலுமோ?"

"பாதி நீட்டலாம். ரெண்டு விரல் மடங்காது." அவள் காட்டினாள். "தையல் பழக்கினம். ஒரு கையாலை துணியைப் பிடிச்சுக்கொள்ளுவன்."

"அடிக்கினமோ?" என்று மார்கிறட் உதடு அசையாமல் கேட்டாள்.

"இப்ப இல்லை."

"எப்ப விடுவினமாம்?"

"தெரியாதம்மா. சிலபேர் ஆறு மாசம் எண்டினம், சிலபேர் ரெண்டு வருஷம் எண்டினம்." பிறகு குரலைத் தாழ்த்தி, "என்னோடை வந்த பிள்ளையள் கொஞ்சப்பேர் இஞ்சை வரேல்லை" என்றாள். தாய் அதற்கு என்ன சொல்வாள் என்று பார்த்தாள். மார்கிறட் மேசைக்கு மேலால் கையை நீட்டி மகளின் மடங்காத விரல்களைப் பிடித்துக்கொண்டாள். ராணுவப் பெண் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினாள்.

மணி அடித்தது. எழும்பும்போது கிருசாந்தினி, "அடுத்த முறை வரேக்கை ஒரு சோடி செருப்புக் கொண்டுவாங்கோ. வெறுங்காலோடைதான் திரியிறன்" என்றாள்.

முகாமை விட்டு வெளியே நிற்க அனுமதி பின்னேரம் வரை இருந்தது. மார்கிறட் அடுத்த முறைக்குக் காத்திருக்காமல் நேரே வவுனியாக் கடைத்தெருவுக்குப் போனாள். செருப்புக் கடையில் நின்ற இளைஞன், "எத்தினையாம் நம்பர் அம்மா?" என்று கேட்டான்.

அவளுக்குத் தெரியவில்லை. கடைசியாகச் செருப்பு வாங்கிக் கொடுத்தது புதுக்குடியிருப்பில். அதற்குப் பிறகு அந்தக் கால் எவ்வளவு நடந்தது, எவ்வளவு வளர்ந்தது என்று அவள் பார்க்கவில்லை. மேசைக்குக் கீழே குனிந்து பார்த்திருக்கலாம். தோன்றவில்லை.

"கொஞ்சம் பெரிசாத் தாங்கோ தம்பி" என்றாள். "பின்னாலை வார் வைச்சதாப் பாத்து. கழண்டுபோகாமல் இருக்கவேணும்."

அவன் ஒரு சோடியை எடுத்து வைத்தான். அவள் அதை வாங்கிக்கொண்டு திரும்பவும் அந்தப் பள்ளிக்கூட வாசலுக்கு நடந்தாள். இன்றைக்கு இனிச் சந்திக்க முடியாது என்று காவலாளி சொன்னான். சந்திக்க வேண்டாம், இதை மட்டும் கொடுத்தால் போதும் என்று அவள் கையால் காட்டினாள். அவன் பையைத் திறந்து பார்த்தான், உள்ளே கையை விட்டுத் துழாவினான், பிறகு வாங்கி வைத்தான். கொடுப்பானா இல்லையா என்று தெரியாது. பஸ் வரும் வரை அவள் வாசலுக்கு எதிரே, வீதியின் மற்றப் பக்கத்தில் நின்றாள்.